எண்பத்தொன்றிலேயே செய்துவிட்டவர்

எந்தக் காரியத்தையும் முதன்முதலில் செய்தவர் என்று ஒருவர் இருப்பார். அதையே ஒழுங்காகச் செய்தவர் என்று இன்னொருவர் இருப்பார். இந்த இருவரைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை. அவர்களுக்குச் சிலை இருக்கிறது, தபால்தலை இருக்கிறது, பெயரில் தெரு இருக்கிறது. நான் சொல்ல வந்தது மூன்றாவது ஆளை. யார் எதைப் பாடுபட்டுச் செய்து முடித்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாலும், கூட்டத்தின் நடுவிலிருந்து தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, “இதை நாங்க அப்பவே பண்ணிட்டோமே” என்று சொல்கிறாரே, அவரை. ஏற்கெனவே செய்துவிட்டவரை.

உங்களுக்கு அவரைத் தெரியும். நீங்கள் மலை ஏறிவிட்டு வந்து படம் காட்டினால், பாதை போடுவதற்கு முன்பே அந்த மலையில் ஏறியவர் அவர். நீங்கள் புது வீடு வாங்கினால், அந்த வீட்டை முன்பே பார்த்து வேண்டாமென்று விட்டவர் அவர். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால், அதே காய்ச்சல் அவருக்கு இன்னும் இரண்டு டிகிரி கூடுதலாக முன்பே வந்து போயிருக்கும். இப்படிப்பட்டவரிடம் உங்கள் சாவுச் செய்தியைச் சொன்னால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சற்றுத் திணறுவார் என்று நினைக்கிறேன். ஆனால் சமாளித்துவிடுவார்.

இந்த இனம் எல்லா மண்ணிலும் முளைக்கும் என்றாலும், கொழுகொழுவென்று வளர்வது கணித மாநாடுகளில்தான். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நோர்வேயின் மேற்குக் கரையில், வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் மழை கொட்டுகிற ஊரில், ஒரு கணிதத் துறையின் அலுவலகச் செயலாளராக இருபத்தாறு வருஷம் இருக்கிறேன். பெயரட்டை எழுதுவது, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்ப்பது, காப்பிக்குச் சொல்வது, தொலைந்த குடைகளுக்குச் சொந்தக்காரரைத் தேடுவது எல்லாம் என் வேலை. கணிதம் எனக்குத் தெரியாது. அதனால்தான் மனிதர்களைப் பார்க்க நேரம் கிடைத்தது.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஜூன் மாதத்தில் எங்கள் துறையில் பாய்மச் சமன்பாடுகளுக்கான சர்வதேச மாநாடு நடக்கும். பாய்மம் என்றால் பயப்பட வேண்டாம். தண்ணீர், காற்று, எண்ணெய், தேன், ஓடக்கூடிய எதுவும் பாய்மம்தான். அது எப்படி ஓடும் என்று சொல்லும் சமன்பாடுகளை ஏறத்தாழ இருநூறு வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார்கள். எழுதினார்களே தவிர, அவை கடைசிவரை ஒழுங்காக நடந்துகொள்ளுமா, இல்லை ஏதோ ஒரு புள்ளியில் வேகம் ஏறு ஏறென்று ஏறிக் கணக்கே வெடித்துப் போகுமா என்பது இன்னும் முழுசாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எண்பது பேர் வருகிறார்கள். ஐந்து நாள் பேசுகிறார்கள். தெரியாமலே திரும்பிப் போகிறார்கள். மூன்று வருஷம் கழித்து அதே பெருமிதத்தோடு மறுபடியும் வருகிறார்கள். இந்த எண்பது பாய்ம வல்லுநர்களில், காப்பிக் குடுவையிலிருந்து ஒரு சொட்டு மேசையில் சிந்தாமல் கோப்பையில் ஊற்றத் தெரிந்தவர் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. துடைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

எங்கள் துறையின் ஏற்கெனவே செய்துவிட்டவர் பெயர் டோர்லைவ் ஹௌக்லண்ட். எழுபத்து நான்கு வயது. ஓய்வு பெற்று ஏழு வருஷமாகிறது. ஆனால் அந்தச் செய்தி அவருக்கு எட்டவில்லை. தினமும் காலையில் மஞ்சள் மழைக்கோட்டு சொட்டச் சொட்ட வந்து, காப்பி இயந்திரத்தைப் பார்த்து, “எண்பத்தொண்ணுல இருந்த இயந்திரம் இதைவிட நல்லா இருந்துது, சோல்ஃப்ரிட்” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் தொப்பியைக் கழற்றுவார். எண்பத்தொன்று என்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. அவர் வாழ்க்கையில் நடந்த நல்லது எல்லாம் அந்த ஒரே வருஷத்தில் நடந்திருக்கிறது. அந்த வருஷம் அவர் தூங்கியிருக்கவே முடியாது.

மாநாட்டில் அவர் உட்காரும் முறை ஒரு சடங்கு. இரண்டாவது வரிசை, நடைபாதை ஓரம். முதல் வரிசையில் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. மூன்றாவதில் உட்கார்ந்தால் பேச்சாளர் முகம் சரியாகத் தெரியாது. பேச்சு தொடங்கியதும் கண்களை மூடிக்கொள்வார். வாய் லேசாகத் திறக்கும். நாற்பது நிமிஷம் ஒரு அசைவு இருக்காது. போன மாநாட்டில் பிரேசிலிலிருந்து வந்த ஒருவர் பயந்துபோய் என்னிடம் ஓடிவந்து, “அவருக்கு உடம்பு சரியில்லையோ?” என்று கேட்டார். “பொறுங்க, பேச்சாளர் நன்றி சொன்னதும் சரியாயிடும்” என்றேன். அப்படியே ஆயிற்று. பேச்சாளர் நன்றி சொல்லி, கைதட்டல் தொடங்குவதற்குள் டோர்லைவின் வலது கை கூரையைப் பார்த்து எழும்பிவிட்டது.

“இது கேள்வி இல்ல. ஒரு சின்னக் குறிப்பு.”

சின்னக் குறிப்பு பதினொரு நிமிஷம் ஓடும். ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதன் சாரம் எப்போதும் ஒன்றுதான்: இப்போது கேட்டதை நாங்கள் எண்பத்தொன்றிலேயே செய்துவிட்டோம். அந்த ‘நாங்கள்’ யார் என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் யாருக்கும் தோன்றியதில்லை. மழை பெய்தால் குடை விரிப்பதுபோல, டோர்லைவ் எழுந்ததும் எல்லோரும் தங்கள் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

சரி, போன மாநாட்டுக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முந்திய கடைசிப் பேச்சு டூலிக்கி என்ற பின்லாந்துப் பெண்ணுடையது. முப்பத்திரண்டு வயது. எங்கள் துறையில் நான்கு வருஷ ஒப்பந்தத்தில் இருந்தாள். அது ஆகஸ்டு கடைசியில் முடிகிறது. துறையில் ஒரே ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது. அதற்கு ஆள் எடுக்கும் குழுவில் வெளியாளாக இருந்தவர் கெர்பிராண்ட் என்ற டச்சுக்காரர். அன்றைய அமர்வுக்குத் தலைவரும் அவர்தான். ஆகவே அந்த நாற்பது நிமிஷம் அவளுக்கு வெறும் பேச்சு இல்லை. காலையில் வந்து பெயரட்டையை வாங்கும்போது அவள் கை சில்லிட்டுக் கிடந்ததை நான் கவனித்தேன். பின்லாந்துக்காரர்கள் பயத்தை முகத்தில் காட்ட மாட்டார்கள். விரலில் வைத்துக்கொள்வார்கள்.

அவள் நிரூபித்தது எனக்குப் புரிந்த அளவில் இவ்வளவுதான்: ஆழமில்லாத நீர்ப்பரப்பில், கரை எப்படி இருந்தாலும், வளைந்திருந்தாலும் கூரான பாறை முனைகளோடு இருந்தாலும், தண்ணீரின் கணக்கு கைமீறிப் போய் வெடிக்காது. வளைந்த கரைக்கு இதை முன்பே செய்திருக்கிறார்களாம். முனைதான் வில்லங்கம். அந்த முனையைத் தாண்ட அவளுக்கு மூன்று வருஷம் ஆனது. பேசி முடித்து நன்றி சொன்னாள்.

கை எழும்பிற்று.

“ரொம்ப நல்ல பேச்சு,” என்றார் டோர்லைவ். ஆபத்து இப்படித்தான் ஆரம்பிக்கும். “இது கேள்வி இல்ல, ஒரு சின்னக் குறிப்பு. இதை நாங்க எண்பத்தொண்ணுலேயே பண்ணிட்டோம். முனை உட்பட.”

பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். எல்லோரும் கைபேசியை எடுத்தார்கள். டூலிக்கி மட்டும் பென்சிலை எடுத்தாள்.

“எதுல?” என்றாள்.

“என்னது?”

“எதுல எழுதியிருக்கீங்க? நான் அதைக் குறிப்பிடணும் இல்ல?”

கைபேசிகளிலிருந்து தலைகள் நிமிர்ந்தன. முப்பது வருஷமாக இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. டோர்லைவ் கையைக் கீழே இறக்க மறந்துபோய் நின்றார்.

“துறை அறிக்கை. நீல அட்டை போட்டது.”

“எத்தனாம் நம்பர்?”

“நம்பர் எல்லாம் இப்ப... நீலம். வெளிர்நீலம்.”

“பரவாயில்ல, தேடிக்கறேன்,” என்று அவள் குறித்துக்கொண்டாள். கேலி இல்லை. கோபம் இல்லை. ஒரு மனிதர் ஒன்றைச் சொன்னால் அது உண்மையாக இருக்கும் என்று நம்புகிற நாட்டிலிருந்து வந்தவள்.

டோர்லைவ் மீதிப் பத்து நிமிஷத்தைத் தொடங்க வாயைத் திறந்தார். கெர்பிராண்ட் எழுந்துவிட்டார். “டோர்லைவ், நீங்க எண்பத்தொண்ணுலேயே சாப்பிட்டு முடிச்சிருப்பீங்க. நாங்க இன்னும் சாப்பிடல. வாங்க போகலாம்.”

சிரிப்பலை. நாற்காலிகள் நகர்ந்தன.

சாப்பாட்டில் மீன் சூப். கெர்பிராண்ட் கிண்ணத்தோடு டூலிக்கி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ரொட்டிக் கூடையை வைக்கப் போனவள், போன வேலையை மறந்து அங்கேயே நின்றேன்.

“அவர் சொன்னதை மனசுல வெச்சுக்காதே,” என்றார் கெர்பிராண்ட். “எனக்கும் சொன்னார். அப்ப எனக்கு உன் வயசு. கழிவறைக்குப் போய் அழுதேன். இப்ப அவர் சொல்லலேன்னாதான் பேச்சு சரியில்லையோன்னு கவலையா இருக்கு.”

“நீங்க போய்ப் பார்த்தீங்களா?”

“எதை?”

“அவர் பண்ணினதா சொன்னதை.”

கெர்பிராண்ட் சூப்பைக் கலக்கினார். ஒரு உருளைக்கிழங்குத் துண்டு மேலே வந்தது; அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதையெல்லாம் யாராவது போய்ப் பார்ப்பாங்களா?” என்றார்.

டூலிக்கி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “சோல்ஃப்ரிட், பழைய அறிக்கையெல்லாம் எங்க இருக்கு?”

நிலவறையில் இருந்தது. சாவி என் வளையத்தில் இருந்தது. அங்கே நான் கடைசியாகப் போனது எப்போது என்று எனக்கே ஞாபகமில்லை. ஈரவாடை. முப்பது நாற்பது அட்டைப் பெட்டிகள். பாதிக்கு மேல் நீலம். எங்கள் துறையில் அந்தக் காலத்தில் யாரோ நீல அட்டையை மொத்தமாக வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் தேடினோம். ஏழாவது பெட்டியில், சந்தேகத்துக்கு இடமில்லாமல், வெளிர்நீலத்தில், கிடைத்தது. முப்பத்தெட்டுப் பக்கம். தட்டச்சு செய்தது, குறியீடுகள் மட்டும் பேனாவால் போடப்பட்டிருந்தன. அட்டையில் டோர்லைவ் பெயர் மட்டும்தான் இருந்தது. ‘நாங்கள்’ என்பதற்கு அங்கே வேறு ஆள் இல்லை.

அறிக்கை நோர்வேஜிய மொழியில் இருந்தது. டூலிக்கி பள்ளியில் படித்த, அதோடு ஒட்டுறவுள்ள சுவீடிஷை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறிப் படித்தாள். இருபத்து மூன்றாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. பிறகு அவள் மெதுவாக ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

“இருக்கு,” என்றாள்.

“என்ன இருக்கு?”

“என்னோடது. அப்படியே இருக்கு. எந்தக் கரையா இருந்தாலும்னு எழுதியிருக்கார். முனை எனக்கு மூணு வருஷம் எடுத்துது. இவர் அதை ஒரே வரியில தாண்டிட்டார்.”

இந்த இடத்தில் நான் நல்லவள் என்று உங்களிடம் நடிக்க மாட்டேன். நான் சொன்னது இதுதான்: “டூலிக்கி, இந்தச் சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. இந்த அறைக்குள்ள மழைத்தண்ணி வர்றது எல்லாருக்கும் தெரியும். ஒரு பெட்டி நனைஞ்சு வீணாப் போச்சுன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அந்த மனுஷன் முப்பது வருஷமா இதையேதான் சொல்லிட்டிருக்கார். ஒருத்தரும் நம்பல. இனிமேயும் நம்பப் போறதில்ல.”

அவள் அறிக்கையை மூடிக்கொண்டு எழுந்தாள். பிறகு, “நான் பார்த்துட்டேனே,” என்றாள்.

அவ்வளவுதான். அறிக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறிப் போனாள். வேலை போனது, நான்கு வருஷம் போனது என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே விளக்கை அணைத்தேன். டோர்லைவ் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, சொல்லி மாளாது. வருஷம் முழுக்கப் பொய் சொல்கிறவன் ஒருநாள் உண்மை சொன்னால் அதைப் போல ஒரு துரோகம் உண்டா?

புதன்கிழமை பிற்பகல் வழக்கமான படகுப் பயணம். மாநாட்டுக்காரர்கள் எண்பது பேரையும் ஏற்றிக்கொண்டு கடல் மலைகளுக்குள் நுழையும் ஃபியோர்டுக்குள் போய், இரண்டு பக்கமும் மலையையும் அருவியையும் காட்டிவிட்டுத் திரும்பி வருவோம். அன்று மலையும் தெரியவில்லை, அருவியும் தெரியவில்லை. மேகம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் கீழ்த்தளத்துக் கூடத்தில் அடைந்து, வாஃபிளும் பழுப்புச் சீஸும் தின்றுகொண்டிருந்தார்கள். டோர்லைவ் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். டூலிக்கி போய் எதிரே உட்கார்ந்து அறிக்கையை மேசைமேல் வைத்தாள்.

“கிடைச்சுது. நீங்க சொன்னது சரிதான்.”

டோர்லைவ் முகத்தில் அப்போது வந்ததை என்னவென்று சொல்வது? வெற்றிக் களிப்பு என்று எதிர்பார்த்தேன். இல்லை. திருவிழாவில் தொலைந்த பிள்ளை திரும்பிக் கிடைத்தவர் முகம். அட்டையைத் தடவினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இந்தக் குறியெல்லாம் நான்தான் பேனாவால போட்டேன்,” என்றார். “டைப் பண்ணினது பெரிட்.”

பெரிட் அவர் மனைவி. போய் ஆறு வருஷமாகிறது.

“சமையல்கட்டு மேசையில. பெரியவனுக்குச் சளி. அவனை மடியில வெச்சுக்கிட்டே முப்பத்தெட்டுப் பக்கமும் அடிச்சா. ஒரு பிழை கிடையாது. எண்பத்தொண்ணு மார்ச்.”

காப்பியைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றேன். இருபத்தாறு வருஷமாக அந்த ‘நாங்க’வைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் நான். இப்போதுதான் அது யாரென்று தெரிந்தது.

“ஒண்ணு கேக்கணும் டோர்லைவ்,” என்றாள் டூலிக்கி. “இருபத்து மூணாம் பக்கம், அஞ்சாவது வரி. ‘கரையோரத்திலும் இதே அளவு பொருந்தும் என்பது தெளிவு’ன்னு எழுதியிருக்கீங்க. எப்படித் தெளிவு? எனக்கு அதுக்கு மூணு வருஷம் ஆச்சு. அந்த வித்தையை எனக்குச் சொல்லிக்குடுங்க.”

டோர்லைவ் தாராளமாகச் சிரித்துக்கொண்டு அந்த வரியைப் பார்த்தார். ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். ஒரு பக்கம் பின்னால் போனார். முன்னால் வந்தார். காப்பியில் ஆவி அடங்கிற்று.

“இது தெளிவுதான்,” என்றார்.

அவள் காத்திருந்தாள். மௌனமாகக் காத்திருப்பதில் பின்லாந்துக்காரர்களை அசைக்க ஆளில்லை.

“அப்ப தெளிவா இருந்துது,” என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

பிறகு, நான் அவர் வாயிலிருந்து அதுவரை கேட்டேயிராத ஒன்றைக் கேட்டார். ஒரு கேள்வி. “உன் வழியில அந்த முனையை எப்படித் தாண்டின?”

ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெண்மையாக இருந்தது. டூலிக்கி விரலால் அதில் ஒரு கரையை வரைந்தாள். ஒரு பாறை முனை. அதைச் சுற்றிக்கொண்டு போகும் நீர்க்கோடுகள். அவர் எழுந்து, அவள் கோட்டை அழித்து, இன்னொன்று போட்டார். அவள் தலையசைத்து மறுத்தாள். அடுத்த ஜன்னலுக்குப் போனார்கள். அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு இத்தாலிக்காரர்களை எழுப்பி அனுப்பினார்கள். அவர்கள் கோபித்துக்கொண்டு போய், பிறகு கையில் வாஃபிளோடு திரும்பி வந்து, தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் படகின் இடதுபக்க ஜன்னல்கள் எல்லாவற்றிலும் கணக்கு வழிந்துகொண்டிருந்தது.

“இல்ல, இல்ல, முனைக்கிட்ட வேகம் இப்படி ஏறும். நீ சொல்றது சரி.”

“அப்ப அந்த அஞ்சாவது வரி?”

“கொஞ்சம் இரு. ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு இரு.”

“சரி.”

கடைசி ஜன்னலில் டோர்லைவ் தனியாக நின்று, மிக எளிமையான ஒரு முனையை வரைந்தார். இரண்டே கோடு. பக்கத்தில் மூன்று வரி எழுதினார். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது வரி உருகி வழிந்து கீழே இறங்கியது.

“தப்பு,” என்றார்.

டூலிக்கி பக்கத்தில் வந்து நின்றாள்.

“அஞ்சாவது வரி தப்பு. இந்த முனையில அந்த அளவு நிக்காது. முடிவு சரி; ஆனா அங்க போய்ச் சேர நான் எழுதின பாதை பாதையே இல்ல. பள்ளம். நீ அதுல பாலம் கட்டியிருக்கே. நான் பள்ளத்தைப் பார்க்காம எட்டு வெச்சுட்டு, அந்தப் பக்கம் போய்ட்டதா இத்தனை வருஷமா நினைச்சுட்டிருந்திருக்கேன்.”

இதைச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். டூலிக்கி வாஃபிள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். ஆறுதல் சொல்ல அவர்கள் நாட்டில் அதுதான் உச்சக்கட்டம் போலிருக்கிறது.

“அவகிட்ட நான் என்ன சொல்வேன்,” என்றார் டோர்லைவ், யாரிடமோ. “ஒரு பிழை இல்லாம அடிச்சா.”

“டைப்புல பிழை இல்லையே,” என்றாள் டூலிக்கி.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு வாஃபிளை எடுத்துக் கடித்தார்.

படகு கரைக்கு வந்தபோது, கெர்பிராண்ட் என்னிடம் குனிந்து, “என்ன நடந்துது? இத்தாலிக்காரங்க என்னென்னவோ சொல்றாங்க,” என்றார். “நீங்க போய்ப் பார்க்காததை அவ போய்ப் பார்த்தா,” என்றேன். அன்று முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமைக் காலை, கடைசி அமர்வு. மாநாட்டின் கடைசி அமர்வுக்கு என்று ஒரு அவலட்சணம் உண்டு: அரங்கில் பாதி நாற்காலி காலி, மீதிப் பாதியில் மனிதர்கள், மனிதர்களைவிட அதிகமாகச் சக்கரம் வைத்த பெட்டிகள், விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் நாற்காலி நுனியில் ஓட்டப்பந்தயக்காரர்கள்போல உட்கார்ந்திருப்பார்கள். கெர்பிராண்ட் எல்லோருக்கும் நன்றி சொன்னார். எனக்கும் சொன்னார், என் பெயரைத் தப்பாக உச்சரித்து. “வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

இரண்டாவது வரிசையில் கை எழும்பிற்று.

அந்த முனகலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். முப்பது பேர் ஒரே நேரத்தில் பல்வலியால் அவதிப்பட்டதுபோல. டோர்லைவ் எழுந்தார். கழுத்துப்பட்டை கட்டியிருந்தார், அவரை அப்படி நான் பார்த்தது பெரிட்டின் அடக்கத்தன்றுதான்.

“இது கேள்வி இல்ல,” என்றார். “குறிப்பும் இல்ல. செவ்வாய்க்கிழமை டூலிக்கி பேசினதை நாங்க எண்பத்தொண்ணுலேயே பண்ணிட்டோம்னு சொன்னேன். பண்ணல. என் அறிக்கையில இருபத்து மூணாம் பக்கம் அஞ்சாவது வரி தப்பு. ‘நாங்க’ன்னு சொன்னேன், தப்புக்கு நான் மட்டும்தான் பொறுப்பு. அந்த வரியை முதல்ல ஒழுங்கா நிரூபிச்சது இந்தப் பொண்ணு. எழுதிக்கோங்க.”

பெட்டிகள்கூட அசையவில்லை. டூலிக்கியின் முகம் செக்கச் சிவந்து காதுவரை போயிற்று. கெர்பிராண்ட் மேசையைப் பார்த்தார்.

டோர்லைவ் உட்காரப் போனார். பாதி உட்கார்ந்தவர், ஏதோ மறந்துவிட்டதுபோல மறுபடி நிமிர்ந்தார்.

“ஒண்ணே ஒண்ணு. இனிமே யாராவது அந்தத் தப்பைப் பண்ணினாங்கன்னா, அது புதுசில்ல. அதை நான் எண்பத்தொண்ணுலேயே பண்ணிட்டேன்.”

அரங்கு வெடித்தது. இத்தாலிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். யாரோ எழுந்து நின்று கைதட்ட, எல்லோரும் எழுந்தார்கள். ஒருவருக்கு விமானம் போயே போய்விட்டது. டோர்லைவ் மட்டும் சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. உரிமையைப் பதிவு செய்தார்.

செப்டம்பரில் டூலிக்கிக்கு அந்த வேலை கிடைத்தது. கதவில் பெயர்ப்பலகையை மாட்டியது நான்தான். கட்டுரை அச்சில் வந்தபோது, அதில் டோர்லைவின் அறிக்கையைப் பக்க எண்ணோடு குறிப்பிட்டு, தட்டச்சு செய்த பெரிட்டின் பெயரையும் போட்டிருந்தாள். கணிதக் கட்டுரையில் அப்படி ஒரு வழக்கம் இல்லையாம். பதிப்பாசிரியர் எடுத்துவிடச் சொன்னாராம். இவள் பதிலே எழுதாமல் இருந்தாளாம், நான்கு வாரம். அவர் விட்டுவிட்டார். டோர்லைவ் அந்தக் கட்டுரையின் பிரதி ஒன்றை மழைக்கோட்டின் உள்பையில் வைத்திருக்கிறார். அதனால் அது எப்போதும் நமுத்தே இருக்கிறது.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த வாரம் டூலிக்கி துறைக் கருத்தரங்கில் புதிதாக ஒன்றைப் பேசினாள். அவர் கண்ணை மூடினார், திறந்தார், கையைத் தூக்கினார். என்ன சொன்னார் என்று நான் எழுதத் தேவையில்லை. அவள் பென்சிலை எடுத்தாள். “பக்கம்?” என்றாள். இருவரும் என்னிடம் வந்து நிலவறைச் சாவியை வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.

நான் ஒருத்திதான் இந்த நோயிலிருந்து தப்பியவள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். போன மாதம் என் வேலையைப் பகிர்ந்துகொள்ள ஒரு பெண் சேர்ந்தாள். முதல் நாளே, பெயரட்டையை ஊசியால் குத்துவதற்குப் பதில் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டலாமே என்று, கண் மின்ன, ஒரு யோசனை சொன்னாள். நல்ல யோசனை. பாராட்டத்தான் வாயைத் திறந்தேன். “அதை நாங்க தொண்ணூத்தெட்டுலேயே பண்ணிப் பார்த்துட்டோம்” என்று அது தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தில் விளக்கு அணைந்தது. தொண்ணூற்றெட்டில் நான் இந்த வேலையில் சேரவே இல்லை.

அதனால் உங்களை நான் குற்றம் சொல்ல வரவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயோ, “இந்த மாதிரி ஆளைப் பற்றி நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேனே, இவள் என்ன புதிதாக எழுதிவிட்டாள்?” என்று உங்களுக்குத் தோன்றியதா?

எதில் எழுதியிருக்கிறீர்கள்? எந்தப் பக்கம்?